சொந்தமாக எழுதிய நிரல் விதி சரியாக நடக்காதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நிரல் எழுதும் நெறிகளை ஆவணமாக வைத்திருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு மாற்றத்திலும் இயந்திரமே அவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு குழு முடிவெடுக்கும்போது, ஈஎஸ்லின்ட் (ஜாவாஸ்கிரிப்ட்), ரோஸ்லின் (சி ஷார்ப்), பிஎம்டி, செக்ஸ்டைல் (ஜாவா), பைலின்ட் (பைத்தான்) போன்ற, நிரலை ஓட்டாமலே படித்துக் குறை காணும் ஸ்டேட்டிக் அனாலிசிஸ் கருவிகளுக்குச் சொந்த விதிகளை எழுதும் வேலை தொடங்குகிறது. கருவியோடு கூடவே வரும் விதிகள் பலருடைய நிரல்களில் ஓடித் தேறியவை. நாம் எழுதும் விதி நம் ஒரு நிரல்தொகுப்பை மட்டுமே பார்த்திருக்கும். ஆகவே அது தவறுவது இயல்பு. எந்த அறிகுறி எந்தக் காரணத்தைச் சுட்டுகிறது என்று தெரிந்தால், விதியை முழுவதுமாகத் திருப்பி எழுதாமல் பழுதான இடத்தை மட்டும் சரிசெய்யலாம்.

எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே நெறியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். நிரலில் எவரும் கணினியின் தற்போதைய நேரத்தை நேரடியாகக் கேட்கக் கூடாது. குழுவின் கடிகார மாட்யூல் வழியாகவே கேட்க வேண்டும். நேரத்தைச் சார்ந்த சோதனைகள் நம்பகமாக ஓட வேண்டுமென்றால் இப்படியொரு நெறி தேவைப்படுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் ‘டேட்.நவ்’, சி ஷார்ப்பில் ‘டேட்டைம்.நவ்’, ஜாவாவில் ‘லோக்கல்டேட்டைம்.நவ்’ ஆகியவை தடைசெய்யப்பட வேண்டியவை.

அறிகுறி: விதி எங்கும் எதுவும் சொல்லவில்லை

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், எல்லா அறிகுறிகளிலும் இதுவே ஆபத்தானது என்பதுதான். பொய்யாக எச்சரிக்கும் விதியைப் பற்றி யாராவது உடனே முறையிடுவார்கள். மௌனமாக இருக்கும் விதியைப் பற்றி எவரும் முறையிட மாட்டார்கள். நெறி முழுமையாகப் பின்பற்றப்படுகிறது என்றே எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். ஆகவே, எந்தப் புதிய விதியானாலும் அது பிடித்தே ஆக வேண்டிய ஒரு மீறலை வேண்டுமென்றே ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பை வழக்கமான கட்டளையால் ஓட்டிப் பார்க்காமல், ‘மீறல் எதுவும் இல்லை’ என்ற முடிவை நம்பக் கூடாது.

அந்த மீறலுக்கும் எச்சரிக்கை வரவில்லை என்றால், தேடலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விதியின் எல்லா நிபந்தனைகளையும் தற்காலிகமாக நீக்கிவிட்டு, தொடரியல் மரத்தின் (நிரலைப் பகுத்துக் கருவி அமைக்கும் கிளைவடிவம்; அதன் ஒவ்வொரு உறுப்பும் ஒரு கணு) வேர்க் கணுவிலேயே, அதாவது ஈஎஸ்லின்டில் ‘புரோகிராம்’, பிஎம்டியின் ஜாவா மரத்தில் ‘கம்பைலேஷன்யூனிட்’ என்ற கணுவில், எப்போதும் ஓர் எச்சரிக்கை எழும்படி மாற்றுங்கள். எச்சரிக்கை வந்தால் விதி ஏற்றப்பட்டிருக்கிறது, கோப்பும் அதனிடம் வந்து சேர்கிறது, பழுது உங்கள் நிபந்தனையில் இருக்கிறது. வரவில்லை என்றால் நிபந்தனையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பயனில்லை. பழுது அதற்கு வெளியே இருக்கிறது.

வெளியே இருக்கும் பழுதுகளில் முதலில் பார்க்க வேண்டியது, கோப்பு கருவியிடம் போகிறதா என்பது. ஈஎஸ்லின்ட் 9-ஆம் பதிப்பின் அமைவு முறையில், வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஜேஎஸ், எம்ஜேஎஸ், சிஜேஎஸ் என்ற மூன்று பின்னொட்டுகள் கொண்ட கோப்புகளே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. டைப்ஸ்கிரிப்ட் கோப்புகளைக் குறிக்கும் பாங்கு ஒன்றை அமைவில் எழுதவில்லை என்றால், கோப்புறை முழுவதையும் சோதிக்கச் சொன்னாலும் அவை சத்தமின்றி விடப்படும். செம்கிரெப் கருவி, நாமே ஒரு புறக்கணிப்புப் பட்டியல் வைக்காதபோது, ‘டெஸ்ட்’, ‘டெஸ்ட்ஸ்’ என்ற கோப்புறைகளைத் தானாகவே ஒதுக்குகிறது. 1 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளையும் இயல்பாகத் தவிர்க்கிறது. மாதிரி மீறலைச் சோதனைக் கோப்புறையில் வைத்துவிட்டு விதியைச் சந்தேகிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, விதி இயக்கப்பட்டிருக்கிறதா என்பது. விதியை நிறுவுவதும் இயக்குவதும் வெவ்வேறு செயல்கள். நிரல் தரத்தைச் சர்வரில் கண்காணிக்கும் சோனார்க்யூபில் செருகுநிரலை வைத்துச் சர்வரை மீண்டும் தொடங்கினாலும், குவாலிட்டி புரொஃபைலில் (இயங்க வேண்டிய விதிகளின் தொகுதியில்) அந்த விதியைச் செயல்படுத்தும்வரை அது ஒரு வரியைக்கூடப் பார்க்காது. ரோஸ்லினில் விதியின் தீவிரம் ‘இன்ஃபோ’ என்ற அளவில் இருந்தால் அது எடிட்டரில் தெரியும், நிரலைத் தொகுக்கும் சாதாரண பில்ட் வெளியீட்டில் தோன்றாது. எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் அதை எச்சரிக்கையாகவோ பிழையாகவோ உயர்த்த வேண்டும். ஈஎஸ்லின்டில் ‘பிரின்ட் கான்ஃபிக்’ என்ற சுவிட்சோடு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், அந்தக் கோப்புக்கு இறுதியில் எந்த விதிகள் எந்தத் தீவிரத்தில் நிற்கின்றன என்பது அப்படியே வெளிவரும். அமைவுக் கோப்பை மனத்தால் கூட்டிக் கழிப்பதைவிட இதைப் பார்ப்பதே நல்லது; பின்னால் வரும் ஓர் அமைவு முன்னதை அழித்திருப்பது அப்போதுதான் தெரியும்.

விதி ஏறியிருக்கிறது, கோப்பும் வருகிறது, ஆனாலும் மௌனம் என்றால், நாம் தேடும் கணுவின் பெயரே தவறாக இருக்கலாம். பிஎம்டியில், மரத்தில் கணுக்களைத் தேடும் கேள்விமொழியான எக்ஸ்பாத்தில் எழுதும் விதிகளில் இது அடிக்கடி நேர்கிறது. இல்லாத கணுப் பெயரை எழுதினாலும் எக்ஸ்பாத்தைப் பொறுத்தவரை அது செல்லுபடியாகும் கேள்விதான். விடையாக ஒரு கணுவும் கிடைக்காது, அவ்வளவே. 2024-இல் வெளிவந்த பிஎம்டி 7 ஜாவா மரத்தைப் பெரிதும் மாற்றியமைத்தது. ‘பிரைமரி பிரிஃபிக்ஸ்’, ‘பிரைமரி சஃபிக்ஸ்’ என்ற பழைய கணுக்கள் போய், மெத்தட் அழைப்புக்குத் தனிக் கணு வந்தது. பழைய கணுக்களை நம்பி எழுதிய விதிகள், மேம்படுத்தலுக்குப் பின் தம் வேலையைச் சத்தமின்றி நிறுத்திவிடும். இதற்கு மாற்று ஒன்றே: விதியை எழுதும் முன்பும் கருவியை மேம்படுத்திய பின்பும், அந்த வரியின் மரம் உண்மையில் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிஎம்டிக்கு அதன் டிசைனர், சி ஷார்ப்புக்கு விஷுவல் ஸ்டுடியோவின் சின்டாக்ஸ் விஷுவலைசர், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஏஎஸ்டி எக்ஸ்ப்ளோரர் ஆகியவை இதற்காகவே இருக்கின்றன.

அறிகுறி: சில வடிவங்களைப் பிடிக்கிறது, சிலவற்றை விட்டுவிடுகிறது

விதியை எழுதியவர் ஒரே ஒரு வடிவத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார் என்பதே இதற்குப் பொருள். ‘டேட்.நவ்’ என்ற அழைப்பைப் பிடிக்க வேண்டும் என்று அழைப்புக் கணுவைத் தேடினால், ஒரு பட்டியலின் மேப் மெத்தட்டுக்கு ‘டேட்.நவ்’ என்பதையே மதிப்பாகக் கொடுக்கும் வரி தப்பிவிடும், ஏனெனில் அங்கே நாம் எழுதிய அழைப்பு எதுவும் இல்லை. அழைப்பைத் தேடாமல் உறுப்பை அணுகும் கணுவைத் தேடினால் இரண்டும் சிக்கும். சதுர அடைப்புக்குள் ‘நவ்’ என்ற சரத்தை வைத்து அணுகுவது, ‘குளோபல் திஸ்’ வழியாக அணுகுவது, ‘டேட்’டைப் பிரித்து ‘நவ்’வைத் தனி மாறியில் எடுத்துக்கொள்வது, அளபுருக்கள் எதுவும் தராமல் ‘நியூ டேட்’ என்று எழுதுவது ஆகியவற்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். இவற்றில் கடைசியானது நுட்பமானது: ஒரு சரத்தையோ எண்ணையோ கொடுத்து ‘நியூ டேட்’ என்று எழுதினால் அது தற்போதைய நேரத்தைக் கேட்கவில்லை, ஆகவே அது நெறி மீறலும் அல்ல.

சி ஷார்ப்பில் முழுப்பெயரோடு எழுதுவது, மாற்றுப்பெயர் வைத்து எழுதுவது, ‘யூசிங் ஸ்டேட்டிக்’ மூலம் ‘நவ்’ என்று மட்டும் எழுதுவது என மூன்று வழிகள் உண்டு. தொடரியலை மட்டும் ஒப்பிடும் விதி இம்மூன்றுக்கும் தனித்தனி நிபந்தனை எழுதிக்கொண்டே போக வேண்டியிருக்கும். ரோஸ்லினில் தொடரியல் கணுவுக்குப் பதிலாக ஆபரேஷன் அளவில், பண்பைக் குறிக்கும் செயலைப் பதிவுசெய்து, அது எந்தச் சிம்பலை (பெயருக்குப் பின்னால் உள்ள உண்மையான உறுப்பை) சுட்டுகிறது என்று கேட்டால் மூன்றும் ஒன்றாகவே தெரியும். பொருளைக் கேட்க முடிகிற இடத்தில் எழுத்தை ஒப்பிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஜாவாவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ‘லோக்கல்டேட்டைம்.நவ்’ மெத்தட்டுக்கு மூன்று வடிவங்கள் உண்டு: வெறுமையாக, நேர மண்டலத்தோடு, கடிகாரப் பொருளோடு. முதல் இரண்டும் கணினியின் நேரத்தை எடுப்பதால் நெறிக்கு எதிரானவை; மூன்றாவதே நாம் வேண்டுவது. அளபுருவின் வகை தெரியாமல் இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிக்க முடியாது. செக்ஸ்டைல் ஒவ்வொரு கோப்பையும் தனித்தே பார்க்கிறது, வகைத் தகவலும் அதனிடம் இல்லை; ஆகவே இந்த நெறிக்கு அது உரிய கருவி அன்று. பிஎம்டியில் மெத்தட் கையொப்பத்தை ஒப்பிடும் ‘மேட்ச்சஸ் சிக்’ என்ற செயற்கூறு இதைச் செய்யும், ஆனால் தொகுக்கப்பட்ட வகுப்புகள் இருக்கும் இடங்களைச் சொல்லும் ‘ஆக்ஸ் கிளாஸ்பாத்’ சரியாகத் தரப்பட்டிருக்க வேண்டும். நம் நிரலும் அது சார்ந்த நூலகங்களும் தொகுக்கப்பட்ட வடிவில் கிடைக்காதபோது, கருவியால் பல வகைகளைத் தீர்மானிக்க முடியாமல் போய், விதி பகுதியாக மட்டுமே வேலை செய்யும். உங்கள் கணினியில் எல்லாம் பிடிபட்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐ சர்வரில் பாதி மட்டும் பிடிபட்டால், முதலில் இதைப் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது என்ற கேள்வியும் எழும். நிரலின் நடத்தையைப் பற்றிய எந்தப் பொருட்படுத்தத்தக்க கேள்விக்கும், எல்லா நிரல்களுக்கும் சரியாக விடை சொல்லும் பொதுச் செயல்முறை இருக்க முடியாது என்பதை 1953-இல் வெளியான ஹென்றி ரைஸின் தேற்றம் காட்டிவிட்டது. மாறிகளின் வழியாகச் சுற்றிச் சுற்றி வரும் ஒவ்வொரு மாற்றுப்பெயரையும் துரத்த வேண்டாம். நெறி தெரியாமல் ஒருவர் இயல்பாக எழுதக்கூடிய வடிவங்கள் அனைத்தையும் பிடித்தால் போதும். வேண்டுமென்றே ஏமாற்ற எழுதியதை நிரல் மறுபார்வை பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி: குற்றமற்ற வரிகளில் எச்சரிக்கை

இது மேற்சொன்னதன் மறுபக்கம். பெயரை மட்டும் பார்த்த விதி, ‘டேட்’ என்று அதே பெயரில் வேறொரு நூலகத்திலிருந்து இறக்குமதி செய்த வகுப்பையும், செயற்கூறுக்குள் அறிவித்த உள்ளூர் மாறியையும் குற்றம் சொல்லும். ஈஎஸ்லின்டில், அந்தப் பெயர் எந்த வரையெல்லையில் அறிவிக்கப்பட்டது என்று தேடி, உலகளாவிய பெயராக இருந்தால் மட்டும் எச்சரிக்க வேண்டும். இதற்கான ‘கெட் ஸ்கோப்’ முன்பு கான்டெக்ஸ்ட் பொருளில் இருந்தது; 9-ஆம் பதிப்பில் அது நீக்கப்பட்டு, சோர்ஸ்கோட் பொருளில், கணுவை அளபுருவாகப் பெறும் வடிவில் மட்டுமே உள்ளது. சி ஷார்ப்பில் ‘நேம் ஆஃப்’ என்பதற்குள் ‘டேட்டைம்.நவ்’ எழுதினால் அங்கே நேரம் கேட்கப்படவில்லை, பெயர்தான் கேட்கப்படுகிறது. தொடரியலை மட்டும் பார்க்கும் விதி அதையும் மீறல் என்று சொல்லும்.

தானாக உருவாக்கப்பட்ட கோப்புகள் இன்னொரு காரணம். அவற்றை யாரும் கையால் திருத்தப்போவதில்லை என்பதால் அங்கே எச்சரிப்பதில் பயனில்லை. ரோஸ்லின் விதியில், உருவாக்கப்பட்ட நிரலைப் பகுப்பாய்வு செய்ய வேண்டாம் என்று தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கடிகார மாட்யூலுக்குள்ளேயே ‘டேட்.நவ்’ இருந்தாக வேண்டும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். அந்த விலக்கு விதிக்குள் கோப்புப் பெயராகப் புதைந்திருப்பதைவிட அமைவுக் கோப்பில் வெளிப்படையாக இருப்பது நல்லது, ஏனெனில் மாட்யூல் இடம் மாறும்போது அதை மாற்றுபவர் அங்கேதான் தேடுவார்.

எவ்வளவு பொய் எச்சரிக்கை தாங்கும்? கூகுள் நிறுவனம், மறுபார்வையின்போது காட்டப்படும் சோதனைகளுக்கு 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்று எல்லை வைத்ததை வெளிப்படையாக எழுதியிருக்கிறது. எச்சரிக்கை கோட்பாட்டளவில் சரியாக இருந்தாலும், அதைப் படித்தவர் எந்தத் திருத்தமும் செய்யவில்லை என்றால் அதையும் பொய் எச்சரிக்கையாகவே அவர்கள் கணக்கிட்டார்கள். பில்டை நிறுத்தும் விதிக்கு இந்த 10 விழுக்காடும் அதிகம்.

அறிகுறி: ஒரு முறை எச்சரிக்கிறது, மறுமுறை இல்லை

தனிக் கோப்பாக ஓட்டினால் சரி, முழுத் திட்டத்தில் ஓட்டினால் தவறு என்ற நிலையும் இதில் அடங்கும். பெரும்பாலும் காரணம், விதி தன் நினைவில் எதையோ வைத்துக்கொண்டிருக்கிறது. செக்ஸ்டைல் ஒரே சோதனைப் பொருளைக் கொண்டு பல கோப்புகளைப் பார்க்கிறது; முந்தைய கோப்பில் எண்ணிய எண்ணிக்கையை ‘பிகின் ட்ரீ’ மெத்தட்டில் அழிக்கவில்லை என்றால் அது அடுத்த கோப்பின் கணக்கில் சேரும். ஈஎஸ்லின்டில் ‘கிரியேட்’ செயற்கூறுக்குள் அறிவித்த மாறி ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாகப் பிறக்கும். அதற்கு வெளியே அறிவித்தது கோப்புகளுக்கிடையே பொதுவாக நிற்கும். ரோஸ்லினில் ஒருங்கியல் இயக்கத்தை அனுமதித்துவிட்டு, வகுப்பின் புலத்தில் சாதாரணப் பட்டியல் வைத்தால் பல இழைகள் அதை ஒரே நேரத்தில் தொடும். பைலின்டைப் பல செயல்முறைகளாகப் பிரித்து ஓட்டும்போது, பல கோப்புகளின் தகவலை ஒப்பிடும் விதி தன் தரவைத் திரட்டித் தரவும், திரட்டியவற்றை ஒன்றாக்கவும் இரண்டு மெத்தட்டுகளை எழுதியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு செயல்முறையும் தன் பங்கை மட்டுமே அறியும்.

ஒன்றுவிட்டு ஒன்றாக மீறல்கள் தப்பினால் உடனே ரெகுலர் எக்ஸ்பிரஷனைப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ‘ஜி’ கொடியோடு எழுதிய எக்ஸ்பிரஷனை ஒரு மாறியில் வைத்து ‘டெஸ்ட்’ மெத்தட்டை மீண்டும் மீண்டும் அழைத்தால், முந்தைய பொருத்தம் முடிந்த இடத்தை அது நினைவில் வைத்து, அடுத்த சரத்தை அந்த இடத்திலிருந்தே தேடத் தொடங்கும். கொடியை நீக்கினால் போதும்.

அறிகுறி: எடிட்டரில் ஒன்று, பில்டில் வேறொன்று

விதியைத் திருத்திய பின்பும் பழைய நடத்தையே தொடர்ந்தால், பழைய விதிதான் இன்னும் ஓடுகிறது. முந்தைய முடிவுகளைச் சேமித்துவைக்கும் ஈஎஸ்லின்டின் கேஷ், சோதிக்கப்படும் கோப்பையும் அமைவையும் கவனிக்கிறது. செருகுநிரலின் பதிப்பு எண் மாறாமல் அதன் உள்ளே விதியை மட்டும் திருத்தினால் அது தெரியாமல் போகலாம். பதிப்பு எண்ணை உயர்த்துங்கள், விதியை உருவாக்கும் காலத்தில் கேஷ் இல்லாமல் ஓட்டுங்கள். டாட்நெட்டில் கம்பைலர் சர்வர் பின்னணியில் தொடர்ந்து உயிரோடு இருப்பதால், ‘டாட்நெட் பில்ட்-சர்வர் ஷட்டவுன்’ கட்டளையைக் கொடுத்து, எடிட்டரையும் மூடித் திறக்க வேண்டும்.

சி ஷார்ப்பில் எடிட்டர் மட்டும் மௌனமாக இருந்தால், அனலைசர், அதாவது ரோஸ்லின் விதி அடங்கிய நிரல், எந்தத் தளத்துக்குத் தொகுக்கப்பட்டது என்று பாருங்கள். அது நெட்ஸ்டாண்டர்டு 2.0-வைக் குறிவைக்க வேண்டும். சிஎஸ்8032 என்ற எச்சரிக்கை, அனலைசரின் பொருளை உருவாக்க முடியவில்லை என்று சொல்கிறது. அது சார்ந்த ஏதோ ஒரு நூலகம் தொகுப்போடு வரவில்லை என்பது வழக்கமான காரணம். சிஎஸ்9057 என்றால், இயங்கும் கம்பைலரைவிடப் புதிய பதிப்பை நம்பி அனலைசர் தொகுக்கப்பட்டிருக்கிறது.

அறிகுறி: விதியே முறிந்துவிடுகிறது

ஈஎஸ்லின்டில் விதி முறிந்தால் ஓட்டமே நின்றுவிடும், அது நல்லது. பெயரில்லாமல் இயல்பு ஏற்றுமதியாகும் ஃபங்ஷன், இடைவெளி விட்ட பட்டியல் போன்றவற்றில் கணுவுக்குப் பதில் ‘நல்’ என்ற வெறுமை மதிப்பு வருவதே வழக்கமான காரணம். ரோஸ்லினில் முறிவு ஏடி0001 என்ற எச்சரிக்கையாக மட்டும் வருகிறது. அந்த அனலைசர் தன் வேலையைச் செய்யாமல் நின்றிருக்க, பில்ட் வெற்றியாக முடியும். ஏடி0001-ஐப் பிழையாக உயர்த்தி வைப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். அறிவித்த பட்டியலில் இல்லாத குறியீட்டில் எச்சரிக்கை எழுப்பினாலும் இதே முறிவுதான் வரும்.

அறிகுறி: தானியங்கித் திருத்தம் நிரலைக் கெடுக்கிறது

‘டேட்.நவ்’ இருந்த இடத்தில் ‘கடிகாரம்.இப்போது’ என்று மாற்றும் திருத்தம், கடிகார மாட்யூலின் இறக்குமதி வரியைச் சேர்க்க மறந்தால் நிரல் ஓடாது. ஒரு கணு முழுவதையும் புதிய உரையால் மாற்றினால் அதற்குள் இருந்த குறிப்புரைகள் அழிந்துவிடும்; மாற வேண்டிய மிகச் சிறிய பகுதியை மட்டும் மாற்றுங்கள். ஈஎஸ்லின்ட் ஒரே ஓட்டத்தில் திருத்தங்களை 10 சுற்றுகள் வரை திரும்பத் திரும்பச் செய்கிறது. ஆகவே இரண்டு விதிகள் ஒன்றையொன்று மறுத்துத் திருத்தினால், கடைசிச் சுற்றில் எது நின்றதோ அதுவே கோப்பில் எழுதப்படும். விதிச் சோதனைக் கருவியோ ஒரு சுற்றை மட்டுமே பார்ப்பதால் இந்த மோதல் சோதனையில் தெரியாது. திருத்தம் நிரலின் நடத்தையை மாற்றக்கூடியது என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும், அதைத் தானியங்கித் திருத்தமாக வைக்காமல், எழுதுபவர் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பரிந்துரையாக வையுங்கள்.

அறிகுறி: விதியால் வேகம் குறைகிறது

ஈஎஸ்லின்டில் ‘டைமிங்’ என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்து ஓட்டினால், நேரத்தை அதிகம் விழுங்கும் விதிகள் பட்டியலாக வரும். ரோஸ்லினில், தேடப்படும் வகையை ஒவ்வொரு கணுவிலும் பெயரால் தேடாமல், தொகுப்பு தொடங்கும்போது ஒரே முறை தேடி வைத்துக்கொண்டால் பெரும்பாலான தாமதம் தீரும்.

அறிகுறி: விதி சரியாக இருக்கிறது, ஆனால் எல்லாரும் அதை முடக்கிவைக்கிறார்கள்

முதலில் எச்சரிக்கைச் செய்தியைப் படியுங்கள். ‘டேட்.நவ் பயன்படுத்தக் கூடாது’ என்பது தடையை மட்டும் சொல்கிறது. எதற்காகக் கூடாது, பதிலாக எதை எழுத வேண்டும், அந்த மாட்யூல் எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் செய்தியிலேயே சொன்னால், முடக்குவதைவிடத் திருத்துவது எளிதாகிவிடும். அடுத்து, பழைய மீறல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும் நிலையில் விதியைப் பிழையாக இயக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். தன் ஒரு வரி மாற்றத்துக்காகக் கோப்பிலுள்ள பழைய மீறல்கள் அனைத்தையும் திருத்த வேண்டியவர் முடக்குவதையே தேர்ந்தெடுப்பார். ஈஎஸ்லின்ட் 9.24 பதிப்பிலிருந்து, ஏற்கெனவே இருக்கும் மீறல்களைத் தனிக் கோப்பில் பதிந்துவைத்து, புதியவற்றுக்கு மட்டும் பிழை காட்ட முடிகிறது. சோனார்க்யூபில் புதிய நிரலுக்கு மட்டும் வரம்பு வைக்கலாம்.

முடக்குவதை முற்றிலும் தடுக்க முயல வேண்டாம். ஒவ்வொரு முடக்கத்துக்கும் காரணம் எழுதச் சொல்லுங்கள். சி ஷார்ப்பின் ‘சப்ரஸ் மெசேஜ்’ பண்பில் அதற்கென்றே ‘ஜஸ்டிஃபிகேஷன்’ என்ற இடம் இருக்கிறது. தேவை தீர்ந்த பின்பும் கிடக்கும் முடக்கக் குறிப்புகளை ஈஎஸ்லின்ட் 9 இயல்பாகவே எச்சரிக்கையாகக் காட்டுகிறது. அந்த எச்சரிக்கையை அணைக்காதீர்கள். செக்ஸ்டைலில் ‘சப்ரஸ் வார்னிங்ஸ்’ எழுதியும் எச்சரிக்கை போகவில்லை என்று யாராவது சொன்னால், அமைவுக் கோப்பில் ட்ரீவாக்கருக்குள் ‘சப்ரஸ் வார்னிங்ஸ் ஹோல்டர்’, அதற்கு வெளியே செக்கருக்குள் ‘சப்ரஸ் வார்னிங்ஸ் ஃபில்டர்’ ஆகிய இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று விடுபட்டாலும் முடக்கம் நடக்காது.